எலும்புக்குள் ஒரு குடைவரை

மாமல்லபுரத்துக் குன்றைச் சுற்றி வந்தவர்கள் அங்குள்ள குடைவரை மண்டபங்களைக் கண்டிருப்பார்கள். தொலைவிலிருந்து நோக்கினால் பாறை பாறையாகவே தெரியும். அருகில் சென்றால்தான் உள்ளே ஒரு வெற்றிடம் இருப்பது புலப்படும். நம் முகத்து எலும்புகளுக்குள்ளும் படைத்தவர் அவ்வாறே சில குடைவரைகளை அமைத்திருக்கிறார் என்பதை ஐம்பது வயதைக் கடந்த பின்னரே நாம் உணர்ந்தோம். அதுவும் நூல்களிலிருந்து அன்று. நமது பங்கைச் சேர்ந்த ஒரு தச்சரின் நோயிலிருந்து.

நமது பங்கு மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டியிருப்பது. மக்களில் பெரும்பாலோர் மீனவர்; சிலர் சிற்பக்கூடங்களில் வேலை செய்பவர்; தச்சுத் தொழில் செய்யும் குடும்பங்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்றின் தலைவர்தாம் நாம் குறிப்பிடும் பெரியவர். வார நாள்களில் கதவும் நிலையும் செய்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் உபதேசியாராகப் பணியாற்றுவார். பெரிய வெள்ளியன்று ஆண்டவருடைய பாடுகளின் புலம்பலை அவர் பாடத் தொடங்கினால், கடலுக்குச் சென்று களைத்து வந்த இளைஞர்களும் அசையாமல் நின்று கேட்பார்கள். அந்தக் குரலுக்காகவே அயல் பங்கிலிருந்தும் மக்கள் வருவதுண்டு. அதில் நமக்கு ஒரு பெருமை இருந்தது. அப்பெருமையைப் பற்றியும் இக்கட்டுரையில் நாம் சொல்லியாக வேண்டும்.

2022-ஆம் ஆண்டு தவக்காலத்தில், சிலுவைப்பாதை முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலை, உபதேசியார் தம் கைக்குட்டையை நம்மிடம் விரித்துக் காட்டினார். அதில் இரத்தம் கலந்த சளி இருந்தது. “வலது மூக்கில் மட்டும் வருகிறது, சாமி. பத்து நாளாயிற்று” என்றார். வெயிலின் சூடு என்றோம் நாம். ஆவி பிடிக்கச் சொன்னோம். அறையில் இருந்த தைலப் புட்டி ஒன்றையும் எடுத்துக் கொடுத்தோம். அதன்பின், குருத்து ஞாயிற்றுக்கான பாடல்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டோம். அவரும் தலையசைத்துவிட்டுப் பாடல்களைக் குறித்துக்கொண்டார்.

அவ்வாண்டுப் பெரிய வெள்ளியன்று அவர் வழக்கம்போலவே பாடினார். உச்ச சுரங்களில் மட்டும் குரல் சற்று அடைத்தது. உயிர்ப்புப் பெருவிழா முடிந்து மே மாதம் பிறந்தபோது, வலப்பக்க மேல்வரிசைக் கடைவாய்ப்பல் ஒன்று ஆடத் தொடங்கியது. அதைப் பிடுங்கினார்கள். இரண்டு வாரங்கள் கடந்தும் பல் இருந்த பள்ளம் ஆறவில்லை, சதை வளர்ந்தது. கன்னம் மரத்துப்போயிருப்பதாகவும், முகம் மழிக்கும்போது கத்தி படுவதே தெரியவில்லை என்றும் அவர் தம் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மையார்தாம் நம்மிடம் வந்தார். “சாமி, இது பல்லு நோவு மாதிரித் தெரியலை. நீங்க ஒரு வார்த்தை சொன்னாத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவாரு” என்று அழுதார்.

திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் பேருந்தில் சென்றோம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி 1965-இல் தொடங்கப்பெற்றது. கடற்கரைச் சிற்றூர்களிலிருந்து நோயாளரை அழைத்துக்கொண்டு அதன் மருத்துவமனைக்குச் செல்வது நமது பணிக்காலம் முழுவதும் வழக்கமாக இருந்துவந்துள்ளது. காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஓர் இளம் மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். பல் பிடுங்கிய பள்ளத்திலிருந்தே சிறிது சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். சி.டி. ஸ்கேன் படத்தை விளக்கின்மேல் வைத்து, இடப்பக்கக் கன்ன எலும்புக்குள் கருமையாகத் தெரிந்த குழியையும், அதே இடத்தில் வலப்பக்கம் சாம்பல் நிறமாக நிறைந்திருந்ததையும் விரலால் சுட்டினார். “இது காற்று இருக்க வேண்டிய இடம், ஃபாதர்” என்றார்.

முகத்தில் இத்தகைய காற்றுக் குழிகள் நான்கு இணைகளாக உள்ளன என்று அவர் விளக்கினார். கன்னத்தின் உள்ளே மேல்தாடையில் ஓர் இணை; புருவங்களுக்கு மேலே நெற்றியில் ஓர் இணை; கண்களுக்கு நடுவே தேன்கூடு போல் ஓர் இணை; அவற்றுக்கும் பின்னே மண்டையோட்டின் அடியில் ஓர் இணை. இவற்றையே நாம் பொதுவாகச் சைனஸ் என்கிறோம். இவற்றுள் மேல்தாடைக் குழியே பெரியது. அதன் கூரையின்மேல் கண் அமர்ந்திருக்கிறது. அதன் தரையில் பல்லின் வேர்கள் பதிந்திருக்கின்றன. உள்ளே காற்றைத் தவிர வேறொன்றும் இல்லாததால், அங்கே ஒரு கட்டி முளைத்தால் அது குழியை நிரப்பும்வரை எவரையும் தொந்தரவு செய்வதில்லை. நிரம்பிய பின் சுவர்களை அரிக்கிறது. கீழே அரித்தால் பல் ஆடும். உட்புறம் அரித்தால் மூக்கில் இரத்தம் வரும். முன்புறம் அரித்தால் கன்னம் மரத்துப்போகும். மேலே அரித்தால் கண் பிதுங்கும். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நமக்கு அந்தக் கைக்குட்டை நினைவில் வந்துகொண்டே இருந்தது. முதல் செய்தி நம்மிடந்தான் வந்திருக்கிறது. அதைத் தைலப் புட்டியால் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

முடிவு ஒரு வாரத்தில் வந்தது, புற்றுநோய்தான். மரத்தூள் காரணமாயிருக்குமோ என்று உபதேசியாரின் மகன் கேட்டான். 1960-களில் இங்கிலாந்தின் மரச்சாமான் தொழிலாளரிடையே மூக்குக் குழிப் புற்றுநோய் மிகுந்திருந்தது கண்டறியப்பட்டது என்றும், 1995-இல் உலக அளவிலான புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்தது என்றும் மருத்துவர் சொன்னார். ஆயினும் அந்தத் தொழிலாளரிடம் மிகுதியாகக் காணப்பட்டது வேறொரு வகை. உபதேசியாருக்கு வந்திருப்பது செதில் அணுக்களில் தோன்றும் வகை. ஆகையால் மரத்தூள்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றார். உபதேசியார் குறுக்கிட்டு, “மரத்தின்மேல் பழி போட வேண்டாம், டாக்டர். நாற்பது வருடம் சோறு போட்டிருக்கிறது” என்றார்.

அங்கிருந்து சென்னைக்கு அனுப்பப்பெற்றோம். தமிழகத்தில் புற்றுநோய் என்றதும் அடையாறு என்ற பெயரே நம் மக்களின் நாவில் வரும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை நெஞ்சில் சுமந்து, 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய நிலையம் அது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டில் வந்து சேர்ந்து 2021-இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்த டாக்டர் சாந்தாவும், மருந்தையும் கதிர்வீச்சையும் அறுவையையும் இணைத்துச் செய்யும் மருத்துவத்துக்கு இந்நாட்டில் வழிகாட்டியவர்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் 1960-களில் டாக்டர் கார்ல் வான் எசன் என்பாரும் அவர்தம் உடன்பணியாளரும், கன்னத்தின் உட்புறப் புற்றுநோய்க்கு முதலில் மருந்தும் பின்னர்க் கதிர்வீச்சும் அளித்துப் பார்த்தார்கள். வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் நம் மக்களின் வாய்ப்புற்று, இவ்வாறு இந்த மண்ணிலேயே பல வழிகளைத் தேடவைத்திருக்கிறது.

உபதேசியாரைப் பரிசோதித்தது சென்னையிலுள்ள மற்றொரு மருத்துவமனை. அங்கு மருத்துவர் மூவர் ஒன்றாக அமர்ந்து நம்மிடம் பேசினர். முதல் வழி அறுவை. வலப்பக்க மேல்தாடையையும் அண்ணத்தின் பாதியையும் அகற்ற வேண்டும். கண்ணையும் எடுக்க நேரிடலாம். வாய்க்கும் மூக்குக்கும் இடையே உண்டாகும் துவாரத்தைச் செயற்கை அண்ணத் தட்டால் அடைக்கலாம். பின்னர்க் கதிர்வீச்சு அளிக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் பின்பற்றப்படும் வழி இதுவே என்றனர்.

இரண்டாம் வழியைச் சொன்னவர், ஊடுகதிர் பார்த்து இரத்தக் குழாய்களுக்குள் மருத்துவம் செய்வதில் வல்லவர். ஜப்பானுக்குச் சென்று சிலகாலம் பயின்று வந்தவர். தொடை இடுக்கில் உள்ள தமனியில் ஊசியால் துளையிட்டு, மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே செலுத்தி, வயிறு மார்பு கழுத்து என்று கடந்து, கட்டிக்கு உணவூட்டும் சிறு தமனியின் வாயில்வரை கொண்டு செல்வார்களாம். அவ்விடத்தில் சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தைச் செலுத்துவார்களாம். அதே வேளையில் கையிலுள்ள சிரையின் வழியாகச் சோடியம் தயோசல்பேட் என்னும் முறிமருந்து ஏறிக்கொண்டிருக்குமாம். கட்டியில் தன் வேலையை முடித்து உடலெங்கும் பரவ வரும் நஞ்சை அம்முறிமருந்து கட்டிப்போடும். வாரம் ஒருமுறை இவ்வாறு செய்ய, வாரத்தில் ஐந்து நாள் கதிர்வீச்சும் நடக்கும். ஏழு வாரங்களில் மொத்தம் 70 கிரே.

சோடியம் தயோசல்பேட் என்ற பெயர் நமக்குப் புதிது. அதுதான் பழைய புகைப்பட நிலையங்களில் படத்தை நிலைப்படுத்தப் பயன்பட்ட ‘ஹைப்போ’ என்று மருத்துவர் சிரித்துக்கொண்டே சொன்னார். இருட்டறையில் நிழற்படத்தைக் காத்த உப்பு, இங்கே ஒரு மனிதரின் சிறுநீரகத்தைக் காக்கிறது. சிஸ்பிளாட்டினின் கதையும் வியப்புக்குரியது. 1965-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னட் ரோசன்பர்க் என்பவர், மின்புலம் அணுப்பிரிவை எவ்வாறு பாதிக்கிறது என்று காண நுண்ணுயிர்களிடையே மின்சாரம் செலுத்தினார். அவை பிளவுபடாமல் நூல்போல நீண்டன. காரணம் மின்சாரம் அன்று. பிளாட்டினத் தகட்டிலிருந்து கரைந்துவந்த ஒரு சேர்மம். தேடியது ஒன்று, கிடைத்தது மற்றொன்று. 1978-இல் அது அமெரிக்காவில் மருந்தாக ஏற்கப்பெற்றது. குழாயைத் தமனிக்குள் நுழைக்கும் கலையோ, சுவீடன் நாட்டுச் செல்டிங்கர் என்னும் மருத்துவர் 1953-இல் வெளியிட்டது. ஊசி, கம்பி, குழாய் என்ற அந்த எளிய வரிசை இன்றும் மாறவில்லை. இவற்றையெல்லாம் இணைத்துத் தலை கழுத்துப் புற்றுநோய்க்குப் பயன்படுத்தியவர் அமெரிக்க மருத்துவர் தாமஸ் ராபின்ஸ், காலம் 1990-கள். மேல்தாடைக் குழிக்கென்று அம்முறையைச் செம்மைப்படுத்தியவர்கள் ஜப்பானியர். ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஹொம்மாவும் அவரைச் சேர்ந்தோரும் 2014-இல் பல மருத்துவமனைகளை இணைத்து இதற்கென ஓர் ஆய்வைத் தொடங்கினர்.

இதைக் கேட்டதும் நம் உள்ளம் துள்ளியது. கண் பிழைக்கும், அண்ணம் பிழைக்கும், குரல் பிழைக்கும். உபதேசியார் வாய் திறக்குமுன்னரே, “இதையே செய்துவிடலாம், டாக்டர்” என்று நாம் சொல்லிவிட்டோம்.

மருத்துவர் நம்மை அமைதியாக நோக்கினார். “ஃபாதர், நான் இன்னும் முடிக்கவில்லை” என்று தொடர்ந்தார். தலை கழுத்துப் புற்றுநோய் முற்றிய நோயாளரைக் கொண்டு நெதர்லாந்தில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு ஒன்றில், தமனி வழியாகக் கொடுத்த மருந்து சிரை வழியாகக் கொடுத்ததைவிடச் சிறந்ததென்று நிறுவப்படவில்லை. ஆனால் அது தொண்டை, நாக்கு முதலிய பல இடங்களின் நோய்களைச் சேர்த்துச் செய்த ஆய்வு. மேல்தாடைக் கட்டி ஒரு பக்கத்திலேயே இருப்பது. பெரும்பாலும் ஒரே தமனியின் கிளைகளிலிருந்து உணவு பெறுவது. ஆகவே இங்கு அம்முறைக்கு நியாயம் உண்டு. எனினும் கட்டி மேலேறி, கண்ணுக்குச் செல்லும் தமனியிலிருந்தும் உணவு பெறத் தொடங்கிவிட்டால் அவ்வழியே மருந்தைச் செலுத்துவது ஆபத்து, பார்வையே போய்விடலாம். குழாய் கழுத்தைக் கடக்கும்போது சிறு இரத்தக்கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரலாம். காது மந்தமாகலாம். தாடை எலும்பு பின்னாளில் உயிரிழக்கலாம். “ஒளிக்காமல் சொல்கிறேன். தேர்ந்தெடுக்க வேண்டியவர் இவர்” என்று உபதேசியாரைக் காட்டினார்.

வெளியே வேப்பமரத்தடியில் அமர்ந்தோம். அங்கேதான் அவர் நம்மிடம் கேட்டார்: “சாமி, தப்பா நெனைக்காதீங்க. என் கண்ணுக்காகச் சொல்றீங்களா, பெரிய வெள்ளிக்கிழமைக்காகச் சொல்றீங்களா?”

நம்மால் உடனே பதில் சொல்ல இயலவில்லை. குருமடத்தில் அறநெறி இறையியல் படித்த நாள்களில், உயிரைக் காக்க ஒருவர் எவ்வளவு துன்பத்தை ஏற்கக் கடமைப்பட்டவர் என்ற வினாவைப் பல வாரங்கள் ஆராய்ந்திருக்கிறோம். மயக்க மருந்து இல்லாத பழங்காலத்தில் உறுப்பை அறுத்தெடுப்பதற்கு உடன்படுவது எல்லாரையும் கட்டுப்படுத்தும் கடமையன்று என்று பழைய அறநூலார் கருதினர். 1957-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மயக்கவியல் மருத்துவரிடையே உரையாற்றியபோது வழக்கமான வழிகளுக்கும் அவற்றைக் கடந்த வழிகளுக்கும் உள்ள வேற்றுமையை எடுத்துரைத்தார். 1980-இல் உரோமையிலிருந்து வந்த அறிக்கை, போதிய வேறு மருந்து இல்லாதபோது, நோயாளரின் இசைவோடு, இன்னும் சோதனை நிலையில் உள்ள புதிய முறையையும் நாடலாம் என்றது. இவை யாவும் நமக்கு மனப்பாடம். அவற்றுள் எல்லாம் ‘நோயாளரின் இசைவோடு’ என்ற சொற்கள் நடுவில் நிற்கின்றன. அச்சொற்களைத் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் பெற்ற நாம், மருத்துவர் அறையில் அவற்றைத் தாண்டிக் குதித்துவிட்டோம்.

“இரண்டுக்காகவும்தான், உபதேசியாரே” என்றோம். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் இரண்டாவதே முதலில் வந்தது.

அவர் கோபப்படவில்லை. “பலகைக்கு நோட்டம் பார்க்க ஒரு கண்ணை மூடித்தான் பார்ப்போம், சாமி. எனக்கு ஒரு கண்ணே போதும். பாட்டுப் பாடப் பையன்கள் இருக்கிறார்கள். நான் உயிரோடு இருந்தால் அவளுக்குத் துணை” என்று மனைவியைக் காட்டினார். பிறகு தாமே எழுந்து மருத்துவரிடம் சென்று இரண்டு கேள்விகள் கேட்டார். மருந்து முறை பலிக்காவிட்டால் பின்னர் அறுக்க முடியுமா? முடியும், ஆனால் கதிர்பட்ட இடம் ஆறுவது கடினம் என்றார் மருத்துவர். முதலில் அறுத்துவிட்டால் பின்னர் இந்த முறை? அதற்குத் தேவையே மாறிவிடும். எடுத்த எலும்பு திரும்ப வராது என்றார். உபதேசியார் சற்று நேரம் தம் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அறுத்த பலகையை நீட்ட முடியாது. முதலில் மருந்தைப் பார்ப்போம். ஆகாவிட்டால் அறுங்கள். இரண்டுக்கும் இப்போதே கையெழுத்துப் போடுகிறேன்” என்றார். நாம் விரும்பிய வழியையே அவர் தேர்ந்தார். ஆயினும் நமது காரணத்துக்காக அன்று.

ஜூலை மாதம் தொடங்கிற்று. முகத்தை அசையாமல் பிடிக்க, இளகிய வலைத்தகட்டை அவர் முகத்தின்மேல் அழுத்தி ஒரு முகமூடி வார்த்தார்கள். அதை இருபுறமும் திருப்பிப் பார்த்து, அச்சு நன்றாக விழுந்திருக்கிறது என்று பாராட்டினார் அவர். ஒரு திங்கட்கிழமை, கண்ணாடிக்கு இப்பால் நின்று திரையைப் பார்க்க நமக்கு இசைவு தந்தார்கள். அவர் விழித்தே இருந்தார். துளையிடும் இடத்தை மட்டும் மரக்கச் செய்திருந்தனர். குழாயின் நிழல் மெல்ல மேலேறியது. சாயம் செலுத்தியபோது, வறண்ட மரத்தின் கிளைகள்போல் தமனிகள் ஒரு கணம் கறுத்துத் தோன்றி மறைந்தன. அவற்றுள் ஒரு சிறு கிளையை மருத்துவர் தேடிக்கொண்டிருந்தார். நாடெங்கும் மழை பொழிவிப்பது ஒரு வகை. ஒரு பாத்தியைத் தேடி மடையைத் திறந்துவிடுவது மற்றொரு வகை. அவர் செய்தது இரண்டாவது. “பாதி முகம் மட்டும் அடுப்புக்கு முன்னால இருந்த மாதிரி இருந்தது, சாமி” என்றார் உபதேசியார் வெளியே வந்து.

மூன்றாம் வாரத்திலிருந்து துன்பம் மிகுந்தது. வாயெல்லாம் புண். கஞ்சியும் இறங்கவில்லை, மூக்கு வழியே குழாய் போட்டு உணவு செலுத்தினார்கள். கன்னத்தின் தோல் கருகிக் கசிந்தது. நற்கருணையின் மிகச் சிறு துணுக்கை ஒரு கரண்டி நீரில் இட்டு அவருக்கு அளித்தோம். அதை விழுங்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. நோயில்பூசுதல் அருளடையாளத்தை அவரே கேட்டுப் பெற்றார். நெற்றியில் எண்ணெய் பூசினோம். ஊரிலிருந்து வந்த மீனவப் பெண்கள், அவரால் உண்ண இயலாது என்று தெரிந்தும், அவர் மனைவிக்காகச் சோறும் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

ஐந்தாம் வார இறுதியில், அறையில் வேறு எவரும் இல்லாத வேளையில், நாம் அவரிடம் அந்தக் கைக்குட்டையைப் பற்றிச் சொன்னோம். தவக்காலத்திலேயே உங்களை மருத்துவரிடம் அனுப்பியிருக்க வேண்டும், நாம் அனுப்பவில்லை, பாடல்களைப் பற்றிப் பேசினோம் என்றோம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து எத்தனையோ பேருடைய குற்றங்களைக் கேட்ட நமக்கு, அன்று சொற்கள் எளிதில் வரவில்லை. “பரவாயில்லை, சாமி” என்று அவர் சொல்லிவிடுவார் என்றே எதிர்பார்த்தோம். அவர் அவ்வாறு சொல்லவில்லை. வெகுநேரம் சாளரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புண்பட்ட வாயால் மெதுவாகச் சொன்னார்: “இனிமேல் வருகிறவனுக்குத் தைலம் கொடுக்காதீர்கள்.”

அவர் நமக்கு இட்ட தவமுயற்சி அதுவே என்று எடுத்துக்கொண்டோம். ஆகையால் ஆலயத்தில் அறிவித்தோம், இங்கும் எழுதுகிறோம். மூக்கின் ஒரு பக்கத்தில் மட்டும் அடைப்போ இரத்தமோ வந்து இரண்டு மூன்று வாரங்களில் தீராவிட்டால், ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போனால் அல்லது வீங்கினால், ஈறு நன்றாக இருக்கும்போதே மேல்வரிசைப் பல் ஆடினால், பல் பிடுங்கிய பள்ளம் ஆறாமல் சதை வளர்ந்தால், ஒரு கண்ணில் மட்டும் ஓயாது நீர் வடிந்தால் அல்லது பொருள்கள் இரண்டாகத் தெரிந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெரும்பாலும் அது புற்றுநோயாக இராது, இந்நோய் அரிதானது. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர், பங்குத்தந்தை அல்லர்.

நாம் இளங்குருவாக இருந்த காலத்தில் செங்கல்பட்டுத் திருமணியில் உள்ள தொழுநோய் நிலையத்துக்குச் சென்று வருவதுண்டு. மைய அரசு 1955-இல் ஏற்று நடத்தத் தொடங்கிய நிலையம் அது. முகம் சிதைந்தவர்களை நேராக நோக்கப் பழக வேண்டும் என்று நம் மூத்த குரு ஒருவர் அங்கு நம்மை அழைத்துச் சென்றார். பழகிவிட்டோம் என்றே இத்தனை ஆண்டுகள் நம்பியிருந்தோம். உபதேசியார் தம் கண்ணை இழக்க ஒப்பியிருந்தார். கண் இழந்த அவர் முகத்தைப் பீடத்தின் அருகில் காண ஒப்பாதிருந்தவர்கள் நாமே. புதிய மருத்துவத்தின்மேல் நமக்கு உண்டான ஆர்வத்தில் ஒரு பங்கு அந்த அச்சத்திலிருந்து வந்தது என்று இப்போது அறிகிறோம்.

ஆகஸ்டு மாதத்தில் மருத்துவம் முடிந்தது. மருந்து ஏழு முறை திட்டமிடப்பட்டது. சிறுநீரகம் சோர்ந்ததால் ஆறோடு நிறுத்தினார்கள். மூன்று மாதங்கள் கழித்து எடுத்த படத்தில் கட்டி தென்படவில்லை. ‘நோய் தீர்ந்தது’ என்று மருத்துவர் சொல்லவில்லை. ‘இப்போது காணோம்’ என்று மட்டுமே சொன்னார். அந்தச் சொல்லடக்கத்தை நாம் மதிக்கிறோம். கண் தங்கிற்று. அண்ணம் தங்கிற்று. இழந்தவையும் உண்டு: இரு காதுகளும் மந்தமாகிவிட்டன, வாய் முன்போல் அகலத் திறப்பதில்லை, உமிழ்நீர் வற்றியதால் தண்ணீர்ப் புட்டி இல்லாமல் அவர் எங்கும் செல்வதில்லை, வலக்கண்ணில் புரை படரத் தொடங்கியிருக்கிறது.

2023-ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளிக்கிழமை ஏப்ரல் 7 அன்று வந்தது. நாம் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவரே இரண்டு பையன்களுக்குப் புலம்பலைக் கற்பித்து அழைத்துவந்திருந்தார். பையன்கள் பாடினார்கள். ஓரிடத்தில் அடி தவறியபோது, பின்வரிசையிலிருந்து வறண்ட தாழ்ந்த குரல் ஒன்று அவ்வடியை எடுத்துக் கொடுத்துவிட்டு நின்றுவிட்டது. பழைய குரல் அன்று அது. அவருக்கே அது சரியாகக் கேட்டிராது.

மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன. குறித்த காலங்களில் அவர் சென்னைக்குச் சென்று காட்டிவிட்டு வருகிறார். போகும் நாளுக்கு முந்தின இரவு அவர் மனைவி உறங்குவதில்லை என்று மகன் சொன்னான், நாமும் உறங்குவதில்லை. சென்ற மாதம், ஆலயத்தின் சக்கிறீஸ்து அறைக்கு ஒரு கதவு வேண்டியிருந்தது. அவர் பட்டறைக்குச் சென்றோம். வாயும் மூக்கும் மறையும்படி துணி கட்டிக்கொண்டு பலகை ஒன்றை உயர்த்தி நோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். மகனும் அவ்வாறே துணி கட்டியிருந்தான். நம்மைக் கண்டதும், காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில், “சாமி, அளவு கொண்டுவந்தீர்களா?” என்றார்.

கொண்டுவரவில்லை. திரும்பிச் சென்று அளந்துகொண்டு வந்தோம்.